ஈர வேட்டிக்கு அடியில்

சிரிப்பு வரும், வராமல் எங்கே போய்விடும், கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நன்மாறன் ஈர வேட்டிக்கு அடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். வேட்டி அப்பாவுடையது. நாற்காலி அக்காவுடையது. நாற்காலி என்றால் கால் உண்டு, முதுகு உண்டு, கை வைக்கத் திண்டுகூட உண்டு, மரம் மட்டும் இல்லை. மூங்கில் சிம்புகளைக் கூடை மாதிரிப் பின்னி, அதன்மேல் வைக்கோல் கலந்த களிமண்ணைக் கனமாக அப்பி, சூளையில் வைக்காமல், வெயிலில்கூடக் காட்டாமல், பச்சை மண்ணாகவே நிறுத்தி வைத்திருந்தாள் அக்கா குழலி. காய்ந்தால் வெடிக்கும், அதிகம் நனைந்தால் தொய்யும், ஆகவே யாராவது பக்கத்திலேயே இருந்து தண்ணீர் தெளித்துத் தெளித்து ஈரத்துணி போர்த்தி வைக்க வேண்டும், பிள்ளை பெற்ற வீடு மாதிரி. பக்கத்தில் ஓர் அட்டை, அதில் அவள் கையெழுத்து: ‘உட்காரலாம். உடைந்தால் உடையட்டும். அதுவரை தண்ணீர் தெளியுங்கள்.’ புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு காலத்தில் கடலை மூட்டை அடுக்கிய கிடங்கில் கண்காட்சி. செய்தித்தாளைச் சுருட்டி அடுக்கிய முக்காலி, மெழுகில் வார்த்த மேசை, நூலில் தொங்குகிற கட்டில் என்று மற்றவர்களுடைய சாமான்களும் நின்றன, எல்லாம் தொட்டால் போய்விடுகிற சாதி. சாப்பாட்டு நேரம், ஈ காக்கை இல்லை. ‘மாறா, நான் போய் ரெண்டு வாய் சாப்ட்டு வந்துடறேன், நீ தண்ணி மட்டும் அடி, வேற எதுவும் பண்ணாத’ என்று சொல்லிவிட்டுத்தான் குழலி போனாள். வேற எதுவும் பண்ணாத என்பதைப் பதினேழு வயசுப் பையனிடம் சொல்லலாமா? அதுவும் நன்மாறனிடம்? பள்ளிக்கூடத்து மேடைக்குப் பின்னால் நின்று மைக்கில் தலைமை ஆசிரியர் குரலில் ‘மாணாக்கர்களே, இன்று விடுமுறை’ என்று இவன் அறிவித்ததில் மூன்று வகுப்புப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். திட்டம் இதுதான். அக்கா வருவாள், வேட்டி நுனியைத் தூக்குவாள், நாற்காலி வாயைத் திறந்து பேசும்: ‘யம்மாடி, காலையிலேர்ந்து நனைச்சுக்கிட்டே இருக்கியே, சளி புடிச்சா நீயா பாப்ப?’ அவள் அலறுவாள். அப்புறம் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் பூனை மாதிரி ஒரு தொடையை முதலில் வைத்து, தாங்குகிறதா என்று பார்த்து, மறு தொடையையும் வைத்து, வேட்டியைத் தலைவழியே இழுத்து மூடிக்கொண்டான். மூடின பிற்பாடுதான் கேட்டது. இடது தொடைக்கு அடியில், வேர்க்கடலைத் தோட்டை இரண்டு விரலால் அமுக்கினால் வருமே, அந்தச் சத்தம்.

பெரிய சத்தம் இல்லை. வெளியே ஒரு ஸ்கூட்டர் போயிருந்தால் கேட்டிருக்காது. ஆனால் ஸ்கூட்டர் போகவில்லை, கேட்டுவிட்டது, கேட்ட பிறகு கேட்காத மாதிரி இருக்க முடியவில்லை. நன்மாறன் மூச்சை நிறுத்தினான். நிறுத்தினால் உடம்பு கனக்கிற மாதிரி இருந்தது, விட்டால் வயிறு அசைகிறது, வயிறு அசைந்தால் தொடை அசையுமோ, தொடை அசைந்தால்? ‘நிறை மையம் எங்கே விழுகிறது, எழுந்து நின்று சொல்’ என்றார் தலைக்குள் இயற்பியல் வாத்தியார். எழுந்து நிற்க முடிந்தால் நான் ஏன் சார் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்றாள் ரயில் நிலையத்து அறிவிப்பு அம்மாள் மூக்கால், ‘இந்த நாற்காலி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்.’ சிரிப்பு வந்தது, சிரித்தால் குலுங்கும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டான். ‘கம்பத்துல ஏறிட்டா கீழ பாக்காத, கைய பாரு’ என்றார் அப்பா, மின்துறையில் லைன்மேன் அறவாழி, வாயில் டெஸ்டரைக் கடித்துக்கொண்டு பேசுகிற அந்தக் கொழகொழக் குரலில். சரி, கையைப் பார்க்கலாம். கை திண்டின் மேல் இருந்தது. வேட்டிக்குள் வெளிச்சம் பால் மாதிரி வடிந்தது. விரலுக்குக் கீழே மண் சில்லென்று, பிசுபிசுப்பாக, மழைக்கு ஒதுங்கிய மாட்டின் முதுகு மாதிரி இருந்தது, அதில் குழலியின் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் ஒன்று அப்படியே பதிந்திருந்தது, ரேகையோடு. இவன் விரல் தானாகப் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தது. பிறகு எடுத்துவிட்டான். அது அவள் இடம். எடுத்த விரலில் மண் ஒட்டியிருந்தது, ஐயோ, கொஞ்சம் அவளுடையது வந்துவிட்டது, திருப்பி ஒட்டலாமா, ஒட்டப் போய் இன்னும் பெரிதாகிவிட்டால். பிருஷ்டத்தில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. கால்சட்டை ஒட்டிக்கொண்டது. எங்கேயோ ஒரு எறும்பு கணுக்காலில் தொடங்கி முழங்காலை நோக்கிச் சாவகாசமாக யாத்திரை புறப்பட்டிருந்தது. எறும்புக்கு என்ன, அது எத்தனை கனம்.

அக்கா ஆடி மாதத்தில் சாகப் பார்த்தாள். அதை அப்படிச் சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை, ‘உடம்பு சரியில்லாதப்ப’ என்றுதான் சொல்வார்கள், அத்தை வந்தால் ‘அந்தக் காய்ச்சல் வந்தப்ப’ என்று இன்னும் ஒரு சுற்று சுற்றி. ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்தபோது பக்கத்தில் இருந்தவன் இவன்தான், அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள், அப்பா வெளியே சுவரைப் பார்த்து நின்றிருந்தார், விழித்தவள் இவனைப் பார்த்து ‘தண்ணி’ என்றாள், இவனுக்கு வேறு ஒன்றும் தெரியாமல் பக்கத்துக் கட்டில் கிழவரின் குரலில் ‘எனக்கும் ஒரு டம்ளர் சொல்லும்மா’ என்றான். ஏன் சொன்னான் என்று இன்றுவரை தெரியவில்லை. பயத்தில் சிலருக்கு மூத்திரம் வரும், இவனுக்குக் குரல் வரும். அவள் உதடு ஓரத்தில் கொஞ்சம் கோணியது. இவன் குரலைக் கேட்டபடி வந்த டாக்டர், காகிதத்தில் என்னவோ கிறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், ‘நல்லா பேசுறியே தம்பி, அக்காவ அப்பப்ப சிரிக்க வை, என்ன?’ என்றார். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இவன் போகவில்லை. இவன் அந்த இடத்திலேயே நின்றுவிட்டான், இன்னும் அங்கேதான் நிற்கிறான் என்று சொல்ல வேண்டும். சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும் அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு புருவத்தால் கேட்பாள். ‘சிரிச்சாளா?’ சிரிச்சா. ‘நல்லாவா?’ நல்லாத்தான். அதற்கப்புறம்தான் அம்மா தட்டில் சோறு போட்டுக்கொள்வாள். சிரிக்காத அன்றைக்குப் பசி இல்லை என்பாள். ஆக ஒரு குரல் சரியாக வராவிட்டால் அம்மா பட்டினி. குளியலறைத் தாழ்ப்பாளை அப்பா கழற்றிவிட்டார், அவளை மட்டும் குறிவைத்த மாதிரி இருக்கக் கூடாது என்று எல்லாருக்குமாக ஒரு சட்டம் போட்டார்: உள்ளே போகிறவர்கள் வெளியே கேட்கிற மாதிரிப் பாட வேண்டும். பிறந்ததிலிருந்து பாடாத மனுஷன். அவருக்குப் பாட்டு ஒன்றும் வராமல் துணைமின் நிலையங்களின் பெயரை வரிசையாகக் கத்திக்கொண்டு குளிப்பார், எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள் ‘என்னா லைன்மேன், கரண்டு போவப்போவுதா?’ என்று கேட்டேவிட்டார். அம்மா தாலாட்டு. நன்மாறன் ஊரில் உள்ள அத்தனை பேர் குரலிலும். குழலி மட்டும் பாடமாட்டாள், வாளியில் கப்பால் தட்டுவாள், டொக், டொக். அந்த டொக் கொஞ்சம் தள்ளி விழுந்தால் மூன்று பேரும் அவரவர் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கதவுக்கு வெளியே வந்து நின்றுவிடுவார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல், அம்மா கையில் கரண்டியோடு, ஏதோ பேருந்துக்குக் காத்திருக்கிற மாதிரி. டொக் என்று கேட்டதும் கலைந்து போவார்கள். எறும்பு முழங்காலைத் தாண்டிவிட்டது.

இந்த நாற்காலிதான் அவள் அப்புறம் செய்த முதல் பொருள். அகமதாபாத்தில் நாற்காலி, மேசை செய்யப் படித்துவிட்டு, பெங்களூரில் வேலையில் இருந்து, அதையும் விட்டுவிட்டு வந்து, மாதக்கணக்கில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தவள், ஒரு நாள் திடுமென்று ‘அப்பா, மண்ணு வேணும்’ என்றாள். அப்பா எதற்கு என்று கேட்கவில்லை. வில்லியனூர்க் குயவர் வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு சாக்கு வாங்கி டிவிஎஸ் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார், பிள்ளைக்குப் பட்டுத்துணி கொண்டு வருகிறவர் மாதிரி முகம். மாடியில் குழலி வைக்கோலைப் போட்டு மிதித்தாள். முழங்கால்வரை மண். காய்ந்துவிடும் என்பதால் வீட்டில் எல்லாருக்கும் முறை, அம்மா போய் நனைப்பாள், அப்பா போய் நனைப்பார், இவன் டியூஷனிலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் மாடிக்கு ஓடுவான். யாருமே வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் தெரியும், துணியை விலக்கி நாற்காலி முழுசாக இருக்கிறதா என்று பார்க்கிறபோது நாற்காலியை மட்டும் பார்க்கவில்லை. பிறகு அவள் அந்த அட்டையை எழுதினாள். உடைந்தால் உடையட்டும். நன்மாறனுக்கு அதைப் படித்ததும் உள்ளங்கால் குளிர்ந்தது. ‘என்னாக்கா இது, உடையட்டும்னு போட்டிருக்க?’ ‘பின்ன என்னாடா? எல்லாந்தான் உடையும்.’ ‘அப்ப எதுக்கு இம்மாந் தண்ணி ஊத்துறோம்?’ அவள் ஈரத்துணியின் நுனியை இழுத்துச் சரியாகப் போர்த்தினாள். ‘ஊத்துற வரைக்கும் ஊத்துறது’ என்றாள். என்ன பதில் இது. அந்த இடத்தில் ஒரு பள்ளம் திறந்த மாதிரி இருந்தது, எட்டிப் பார்க்கப் பயந்து அவன் உடனே குடிநீர் வாரியக்காரர் குரலில் ‘ஐயா, உங்க ஏரியாவுக்கு நாளைக்குத் தண்ணி வராது’ என்றான். அவள் சிரித்தாள். அப்பாடா. பள்ளம் மூடிக்கொண்டது. அன்றைக்கு அம்மா இரண்டு கரண்டி அதிகமாகச் சோறு போட்டுக்கொண்டாள்.

எழுந்துவிடலாமா? எழுந்து, வேட்டியைப் போர்த்திவிட்டு, தெளிப்பானைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசலில் போய் ஒன்றும் தெரியாத பூனை மாதிரி நின்றால் யாருக்குத் தெரியும். பச்சை மண், விரிசல் விடத்தான் விடும். ‘காத்து வறண்டு கெடக்கு சார்’ என்று எந்தக் குரலில் வேண்டுமானாலும் சொல்லலாம். இடது பக்கத்தை மெல்ல, ஒரு நூல் அளவு, தூக்கிப் பார்த்தான். வேர்க்கடலை இன்னொன்று உடைந்தது. ஏதோ ஒன்று தொப்பென்று தரையில் விழுந்தது, பெரிய துண்டா சின்னத் துண்டா தெரியவில்லை, குனிய முடியாது. பழைய இடத்துக்கே திரும்பி உட்கார்ந்தான். ஆக, உட்கார்ந்திருக்கிற வரைக்கும் நாற்காலி முழுசு. எழுந்தால் போச்சு. உடையாமல் பிடித்துக்கொண்டிருப்பதே இவன் உட்கார்ந்திருப்பதுதான் என்று தோன்றியதும் அதில் ஒரு கோணல் பெருமைகூட வந்தது, உடனே போயும் விட்டது. எவ்வளவு நேரத்துக்கு? ராத்திரி கிடங்கைப் பூட்டுவார்கள். பரவாயில்லை, இருக்கலாம். கண்காட்சி முடிகிறவரை இருக்கலாம். அம்மா வேட்டிக்குள் கையை விட்டு ஊட்டுவாள். பார்க்க வருகிறவர்கள் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையை இப்படியே எழுதிவிடலாம், எதிர்த்த வீட்டுக்காரர் வந்து ‘என்னா தம்பி, நாற்காலியா ஆயிட்டியாமே?’ என்பார். சிரிக்கக் கூடாது. சிரிக்கவும் வரவில்லை. உண்மையில் இவனுக்குக் கொஞ்ச நாளாகவே சிரிப்பு வரவில்லை. சரக்கு தீர்ந்துகொண்டிருந்தது, அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு தெருவில் எத்தனை குரல்தான் இருக்கும்? பால்காரர், மீன்காரம்மா, கவுன்சிலர், கவுன்சிலரின் நாய் எல்லாம் முடிந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை ஒன்றும் கிடைக்காமல் மீன்காரம்மாவையே இரண்டாம் தரம் எடுத்தான், அதே வார்த்தை, அதே இழுப்பு, தொண்டை கட்டியிருந்ததால் பாதியில் கவுன்சிலராக மாறிவிட்டது வேறு. அம்மாவே முகத்தைச் சுளித்தாள். அக்கா சிரித்தாள். போன தடவை எவ்வளவு சிரித்தாளோ அவ்வளவு. அக்காவுக்கு எதைச் சொன்னாலும் சிரிப்புத்தான், ரசிகை என்றால் அவள் ரசிகை என்று நெஞ்சு நிறையப் படுத்தான். ஆனாலும் விடிந்ததும் மறுபடி பயம். இன்றைக்கு என்ன? இன்றைக்கு எதைக் கொண்டு? அதனால்தான் இது. புதுசாக, இதுவரை யாரும் செய்யாததாக, நாற்காலியே பேசுகிறதாக. இப்போது அவள் வந்து தூக்கி, சிரிக்காமல், கீழே கிடக்கிற மண்ணைப் பார்த்து, மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டால்? அத்தனை நாள் ஊற்றிய தண்ணீர் அத்தனையும், அப்பாவின் டிவிஎஸ், அம்மாவின் கரண்டி, எல்லாம் இந்த இடது தொடைக்கு அடியில். கடவுளே. அவர்கள் வீட்டில் கடவுள் கிடையாது, அப்பா கறுப்புச் சட்டைக்காரர். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நன்மாறன் கடவுளின் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்தான், மாவட்ட ஆட்சியர் குரல்தான் வந்தது: ‘மனுவைக் கொடுத்துவிட்டுப் போங்கள், பார்க்கலாம்.’

செருப்புச் சத்தம். அக்கா செருப்புத்தான், இடது கால் கொஞ்சம் தேய்த்து வைப்பாள். தனியாகத்தான் வருகிறாள். ‘மாறா?’ என்று வாசலில் ஒரு தரம் கூப்பிட்டாள். திட்டத்தை விட்டுவிடவா பிடித்துக்கொள்ளவா என்று முடிவாகாமல் அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ‘எங்கியோ போய்ட்டான்’ என்றாள் அவள், யாரிடமும் இல்லாமல். அந்தக் குரல் யாருடையது என்று நன்மாறனுக்கு ஒரு கணம் புரியவில்லை. ஊரில் உள்ள அத்தனை குரலையும் தெரிந்தவன். அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. தெளிப்பானை எடுத்தாள். புஸ், புஸ். தண்ணீர் வேட்டியை நனைத்து இவன் உச்சந்தலைக்கு வந்தது. புஸ். நின்றது. வேட்டியின்மேல் ஒரு கை வந்து படிந்தது, நேராக இவன் தலைமேல். தெரிந்துவிட்டது. இப்போது சிரிப்பாள், இதோ, இப்போது. கை எடுபடவில்லை. கனமாக அங்கேயே இருந்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டாள், மூட்டையை இறக்கி வைத்தவள் இன்னொரு மூட்டை இருப்பதைப் பார்த்தால் விடுவாளே, அந்த மூச்சு. கையை எடுத்துக்கொண்டாள். பிறகு வேட்டிக்கு அந்தப் பக்கம், ஒரு முழ தூரத்தில், மிக மெதுவாக, யாருக்கும் கேட்கக் கூடாது என்கிற மெதுவில், தொண்டையைச் செருமினாள். எச்சிலை விழுங்கினாள். மூக்கால் இழுத்து மூச்சை அடிவயிற்றுக்குக் கொண்டுபோய் ஒரு நொடி அங்கே நிறுத்தினாள். நன்மாறனின் முதுகுத்தண்டில் எறும்பு இல்லாமலே எறும்பு ஊர்ந்தது. குரல் எடுக்கிற எவனுக்கும் அது தெரியும். மேடைக்குப் பின்னால், கதவுக்கு வெளியே, இன்னொருவனாக மாறி உள்ளே நுழைவதற்கு முன்னால் செய்கிற காரியம் அது. தானாக வருகிற எதற்கும் அது தேவைப்படாது. வேட்டி உயர்ந்தது, வெளிச்சம் அடித்தது, அக்கா சிரித்தாள். ‘டேய் எரும! டேய், நெனச்சன்டா! அய்யோ...’ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சரியான இடத்தில் மூச்சு வாங்கி, சரியான இடத்தில் மறுபடி எடுத்து, ஒரு பிசிறு இல்லாமல், இவனால்கூட இவ்வளவு சுத்தமாக முடியாது. நாற்காலி பேச வேண்டிய நேரம். நாற்காலி பேசவில்லை. இவன் எழப் பார்த்ததில் இடது பக்கம் மொத்தமாகப் பிரிந்து மண்ணோடு சிம்போடு தரையில் உட்கார்ந்தான். ‘வுடு வுடு, மண்ணுதான, போனாப் போவுது’ என்று குழலி மண்டியிட்டு, சிரிப்பை விடாமல், ஈர வேட்டி நுனியால் அவன் கன்னத்து மண்ணைத் துடைத்தாள். ‘எப்டிடா ஒனக்கு மட்டும் இப்டில்லாம் தோணுது?’ போன வெள்ளிக்கிழமை மீன்காரம்மா. அதற்கு முன்னால் கவுன்சிலரின் நாய். அதற்கும் முன்னால், அதற்கும் முன்னால். துடைத்துக்கொண்டே அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிள்ளைக்கு மருந்தை ஊற்றிவிட்டு, உள்ளே இறங்கியதா, வாயிலேயே வைத்திருக்கிறதா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அப்படிப் பார்த்தாள்.